தங்குவதற்கான மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள குள்ளிக்கு,

நலமா? கவரில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்ததற்கே நன்றி. உன் அண்ணன், அண்ணி சுகம்தானே? குடிநீர் அலுவலகத்தில் இன்னும் அதே போன், அதே நாற்காலிதானா? தண்ணீர் வராத சனமெல்லாம் உன்னைத் திட்டிவிட்டுத்தான் இன்னமும் பல் துலக்குகிறார்களா?

நான் சுகம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். முதலாளி என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அதற்காகவே அவர் சிடுசிடுப்பையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. கூட இருக்கும் தோழிகள், "புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக்கோடி, அப்பதான் மார்பு முழுசா வளரும், தூக்கமும் வரும்" என்கிறார்கள். டாக்டரம்மாவோ, "வளரும்னு நிரூபணம் இல்லம்மா. சிலருக்குத் தூக்கம் நல்லா வருது, சிலருக்கு மனசு இருண்டு போகுது. ரொம்ப நாள் எடுத்தா என்ன ஆகும்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. வேணும்னா கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம், யோசிச்சு வா" என்கிறார்.

பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரு தங்குவதற்காக உனக்கு எழுதிக் கொடுத்தார்களே, அதே மாத்திரை. அது உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று நான் கேட்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். கோபம் வந்தால் பதில் வேண்டாம்.

அன்புடன்,
உன்னை மறக்காதவள்

மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

"என்னங்க, ஏங்க" என்றே ஏழு வருடக் குடித்தனத்தை ஓட்டிவிட்டேன். உன் பழைய பெயரையே நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, புதுப் பெயர் மாத்திரம் எனக்கு எதற்கு? ஆனால் "நீங்கள்" என்று எழுதினால் அந்த மனுஷன் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார். அதனால் பெண்ணுக்குப் பெண், "நீ" என்றே எழுதுகிறேன்.

நாலு வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் என்னைப் பற்றி நாலு வரி, மாத்திரையைப் பற்றி ஒரு பக்கம். நல்லாயிருக்குடி உன் நியாயம்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். தூக்கம் வரும். அடித்துப் போட்ட மாதிரி வரும். மார்பு விண்விண்ணென்று தெறிக்கும். குக்கர் விசில் அடித்தால்கூட அழுகை வரும். அது மாத்திரையின் வேலையா, என் பயத்தின் வேலையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் குழந்தை போய், எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மாத்திரையை நிறுத்தச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் நிறுத்தவில்லை. நீ வேலைக்குப் போனபிறகு, மிச்சமிருந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வேன். தங்குவதற்குத்தானே அந்த மாத்திரை? அது தீரும்வரைக்கும் அவள் என்னோடு இருப்பாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லு. அந்த மாதங்களில் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாய். பிள்ளை ஆசை என்று நான் பூரித்துப் போவேன். அது ஆசைதானா, பொறாமையா?

குள்ளி

ஏப்ரல் 2

அன்புள்ள குள்ளிக்கு,

பொறாமைதான். ஆசையும்தான்.

நீ குளித்துவிட்டு வந்து ஈரக் கையால் வயிற்றைத் தடவும்போது, இது எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏங்குவேன். உடனே வெட்கமாகிவிடும். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பேன். "என்னங்க, ஆம்பளை கை பட்டு இவ்வளவு பளபளப்பா?" என்று நீ சிரிப்பாய்.

அவள் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் என் முதுகைத் தட்டி, "நீங்களே இடிஞ்சு போனா எப்படி மாப்ளே, அவளைப் பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். ஆனால் எனக்குள் அழுதது அப்பா இல்லை. நானும் அவளுக்கு அம்மாதான், குள்ளி. சுமக்கக் கொடுத்து வைக்காத அம்மா. இதைச் சொல்ல முடியாமல்தான் கடைசி வருடங்களில் உன்னிடம் ஊமையாகிப் போனேன்.

மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததுண்டா, ரத்தம் உறைந்ததுண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். நீ சொன்னது சரி. அடித்துப் போட்ட மாதிரிதான் தூக்கம் வருகிறது.

உன்னை மறக்காதவள்

மே 11

வணக்கம்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். போனில் ஒரு அம்மாள் தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் உங்கள் கடிதத்தையே படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, "என்ன கண்ணு, அழறியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நீங்கள் பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அண்ணன் ஏதாவது சொன்னால் நான்தான் சண்டைக்குப் போகிறேன். நீங்கள் கிளம்பிய அன்று என் வளையல், கண் மை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தேனே, மனதாரத்தான் கொடுத்தேன். ஆனால் அவளுக்கு அம்மா நான் ஒருத்திதான். அவள் உதைத்தது என்னை. பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தது நான். அதில் பங்கு கேட்காதீர்கள். என்னிடம் மிச்சம் இருப்பதே அது ஒன்றுதான்.

இனி எழுத வேண்டாம். மனம் இருண்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு விழுங்காதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா

ஆகஸ்டு 23

அன்புள்ள குள்ளிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும், பொறுத்துக்கொள்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். தூக்கம் வந்தது, கூடவே இருட்டும் வந்தது. லென்ஸைத் தேய்த்துக்கொண்டே அழுவேன், ஏன் என்றே தெரியாது. நீ சொன்னபடி டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "இது இல்லாததால உனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது, விட்டுடு" என்றார். இங்கே தோழி ஒருத்திக்கு அதே மாத்திரை ஒத்துப்போய், தூங்கி எழுந்து சிரித்த முகமாக இருக்கிறாள். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இப்போது இருட்டு விலகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துக் கோபப்பட்டேன். என்னை யாராவது அப்பா என்றால் உடம்பெல்லாம் கூசும். ஆனால் நானும் அம்மா என்று நின்றால், அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுமே. பாவம், எதுவுமே கிடைக்காமல் போனவள். உன் வயிற்றருகே வாயை வைத்து, "அப்பா பேசறேன்டி" என்று நான்தானே சொன்னேன்? அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் அவளுக்குக் கேட்டிருந்தால், அப்பாவின் குரலாகத்தான் கேட்டிருக்கும்.

அவளுக்கு அம்மா நீ மட்டும்தான், குள்ளி. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் வேண்டாம்.

என்னை அப்பா என்று கூப்பிட இனி உலகத்தில் யாருக்கும் உரிமை கிடையாது. அவள் கூப்பிடலாம்.

அன்புடன்,
நான்