டீத்தூள் டப்பா இருந்த இடம்

வாசலில் தக்காளி டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பாலக்கோடு மண்டிக்குக் கிளம்பிய அமுதவல்லி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவசரமாகக் கிறுக்கினாள். ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் கோகிலா உள்ளே தூங்கினாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று தெரிந்ததும், "சத்து மாத்திரையத் தூக்கி எறியறியாடி?" என்று நேற்று கத்தியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"கோகிலா, களியும் முருங்கைக்கீரையும் சட்டியில இருக்குது. கீரை மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்க, அப்பத்தான் இரும்புச்சத்து ஒடம்புல சேருமாம். பத்து மணிக்கு நர்சம்மா வருவாங்க. கதவத் தாழ் போட்டுக்காத."

பேனாவை மூடப்போனவளின் கை நின்றது. சண்டைக்கு அப்புறம் நர்சம்மாவுக்குப் போன் போட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரைய எதுலங்க புள்ள முழுங்குது? டீயிலயா? அது சத்தச் சேர விடாதுங்களே!"

வாய் கசக்குது என்று மகள் சொன்னதற்காக, மூன்று மாதமாக மாத்திரையோடு டம்ளர் நிறைய டீயை நீட்டியது அமுதவல்லிதான்.

தாளில் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தாக நெருக்கி எழுதினாள்.

"மாத்திரைய இனிமே தண்ணியில போடு. நீ எறியல சாமி, டீ குடுத்துக் கெடுத்தது நான்தான். கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காதில்ல?"

கடைசி வரியை மட்டும், படிக்க முடியாதபடி அடித்தாள். அதற்கும் கீழே:

"டீத்தூளத் தேடாத. டப்பாவ நான் எடுத்துட்டுப் போறன்."