கல்லுக்கு அடியில் துணி

கோலா கெடா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் லோகேஸ்வரியின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? குளுவாங்கில் மழை உண்டா? போனில் என் பேச்சு உங்கள் காதுக்கு எட்டுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

லங்காவித் தீவுக்குப் போகும் ஃபெரி கப்பல் கிளப்பும் அலை இங்கே கால்வாயின் கரையை அரிக்கிறது. அதைத் தடுக்க என் மேற்பார்வையில் கல் அடுக்குகிறோம். கல்லுக்கு அடியில் தடித்த துணி விரிக்காவிட்டால் இடுக்கு வழியே மண் கசிந்து கரை சரிந்துவிடும். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பசுபதி அண்ணன், "மழை வருதுமா, துணிலாம் வேணாம்லா. கல்ல கொட்டிருவோம்" என்றார். கரையை ஒட்டியே மீனவர் வீடுகள். "துணி இல்லாம ஒரு கல்லும் விழாதுண்ணே" என்று சொல்லிச் சரிவில் இறங்கி நின்றுகொண்டேன். சேறு இடுப்புவரை இழுத்தது. அவரேதான் தூக்கிவிட்டார், பிறகு முணுமுணுத்தபடி துணியை விரித்தார். எனக்கு அடி ஒன்றுமில்லை.

சனிக்கிழமை கடல் பொங்கியது. துணி போடாத பழைய கரை பத்தடி சரிந்தது. எங்கள் பக்கம் ஒரு கல்லும் அசையவில்லை. "நீ சொன்னது சரிதாம்மா" என்றார் அண்ணன்.

அம்மாவிடம் சொல்லி மீன்குழம்புத் தூள் அனுப்புங்கள். மீன் மலிவுதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு குழம்பு வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

லாரி வந்துவிட்டது, போகிறேன்.

லோகேஸ்வரி