என் பெயரின் முதல் எழுத்தைத் தின்ற பூச்சி

அனுப்புநர்:
முஹைதீன் ஸுமைரா,
குண்டசாலை, கண்டி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ரன்கிரிகந்த பிரதேச சபை.

பொருள்: சபைக் கணினியின் உரைத் தொகுப்பியில் உள்ள வழுவை முறையிடும் வழிகாட்டல் கோரல், என் பெயரைத் திருத்தக் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் முன்பள்ளியில் ஆசிரியையாகத் தெரிவானவள் நான். அறிவித்தல் பலகையில் என் பெயர் "முஹைதீன் மைரா" என்று ஒட்டப்பட்டுள்ளது. அடையாள அட்டையோடு பெயர் பொருந்தவில்லை என நியமனக் கடிதத்தைத் தர மறுத்துவிட்டார்கள். இம்மாதம் 28ஆம் திகதிக்குள் கடமையேற்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

2. அந்த அறிவித்தலைத் தட்டிய எழுதுவினைஞர் கஜனியைக் குறை சொல்லமாட்டேன். "மிஸ், நான் சரியாத்தான் அடிச்சேன். சேவ் பண்ணினா முதல் எழுத்த முழுங்கிருது, பாருங்க" என்று என் கண்முன்னே செய்து காட்டினார். கடிதங்களைத் தட்டச் சபை பயன்படுத்துவது இலவச உரைத் தொகுப்பி. அதில் "ஸு" நிற்பதே இல்லை.

3. இதை யாரிடம், எப்படி முறையிடுவது என்று கணினிப் பிரிவில் கேட்டேன். "சும்மா கெடச்ச சாமானுக்கு என்ன முறைப்பாடு?" என்று சிரித்தார் அங்கிருந்த உத்தியோகத்தர். சும்மா கிடைத்தது மென்பொருள்தான் ஐயா, என் பெயரல்ல.

4. கஜனியின் திரையில், அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தில் "பூச்சியை அறிவிக்க" என்றிருந்தது. கணினிக்காரர்கள் வழுவைப் பூச்சி என்பார்களாம். அதே சொல்லை நம்பி, "உரைத் தொகுப்பியில் பூச்சி, அறிவிக்கும் வழிகாட்டல் தேவை" என்று சபைக்கு எழுதினேன். வாசித்த புண்ணியவான் யாரோ, அதைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

5. மறுவாரம், கடிதத்திலிருந்த முகவரியைப் பார்த்து, பூச்சிமருந்துத் தாங்கியோடு இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். சபையின் உத்தரவு என்று சொல்லி, அலுமாரி முதல் குசினி வரை அடித்துத் தீர்த்தார்கள். நோன்பு திறக்க உம்மா காய்ச்சி வைத்த கஞ்சியில் மருந்து விழுந்து, பானையோடு கொட்டினோம். அன்று உம்மா வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தார். என் முறைப்பாட்டுக்கோ "பூச்சி ஒழிக்கப்பட்டது" என்று பதில் எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். எந்தப் பூச்சி ஐயா?

6. கடைசியில் வழிகாட்டலை இணையத்தில் நானே தேடிப் பிடித்தேன். முழுக்க ஆங்கிலம். எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று எழுதச் சொல்கிறார்கள். இவ்வளவுதான். ஆனால் பதிப்பு எண் தங்கள் கணினியில் இருக்கிறது. பொதுமக்கள் அதைத் தொடக்கூடாதாம்.

ஆகவே, கஜனி அந்த விபரங்களை மென்பொருள் செய்தவர்களுக்கு அனுப்ப அனுமதி தாருங்கள். வழிகாட்டலைத் தமிழிலும் சிங்களத்திலும், மக்கள் வந்து நிற்கும் கருமபீடத்தில் ஒட்டுங்கள். அதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க எனக்கு நாளில்லை. 28ஆம் திகதிக்கு முன் என் பெயரை ஒரு பேனையால் திருத்திக் கையொப்பமிடுங்கள்.

இம்மனுவைக் கையால் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இதைத் தங்கள் கணினியில் பதிய வேண்டாம். பதிந்தால் அனுப்பியவள் மைரா என்றாகிவிடும். அப்படியொருத்தி குண்டசாலையில் இல்லை என்று எனக்கே பதில் வரும்.

இடம்: குண்டசாலை
திகதி: 17.03.2025

இப்படிக்கு,
முதல் எழுத்தையும் சேர்த்து,
முஹைதீன் ஸுமைரா