கையகலச் சேறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆனாலும் நலமாகத்தான் இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்தப் போனில் நீ பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கிறது. கடைக்காரரிடம் மூன்று தடவை கொடுத்தேன். போனில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை விடு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "கேக்கற எடத்துல கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு எங்கிட்ட வந்துடும்மா, இந்த வயசுல எதுக்கு வம்பு" என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். அந்தப் பாதியையும் உன் சித்தப்பா சொல்லியிருப்பார். படகில் நாள் முழுக்க வாயைத் திறக்காத மனுஷன், உனக்குப் போன் போட்டால் மட்டும் ஊர்க்கதை எல்லாம் பேசுவார். முழுக்கதையையும் நான் சொல்கிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன மாதம் மூன்றாம் துறையில் ஒரு சரக்குக் கப்பலின் அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மேலே படகில் என் கயிற்றையும் காற்றுக்குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சுரண்டி நழுவிக் கீழே போய்விட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு சுரண்டிகூடத் தொலைத்தவள் இல்லை நான். விட மனமில்லாமல் அடிவரைக்கும் போனேன். அந்த ஆழத்தில் கண்ணுக்கு வேலை கிடையாது, எல்லாம் கைதான். துறையை ஆழப்படுத்துகிற இயந்திரம் அதற்கு முந்தின வாரம்தான் அங்கே களிமண்ணை வெட்டியிருந்தது. வெட்டின சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனபோது கையில் வேறு ஒன்று தட்டுப்பட்டது. பாதி களிமண்ணுக்குள், பாதி வெளியே. என் கை நீளம் இருக்கும். ஆட்டி ஆட்டி உருவி, கயிற்றில் கட்டி, தூக்கச் சொல்லி மூன்று இழுப்பு இழுத்து மேலே அனுப்பினேன். சித்தப்பா அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்து, "என்ன அண்ணி, சுரண்டியத் தேடிப் போயி ஒலக்கையக் கொண்டாந்திருக்கீங்க" என்றார்.

இனி நான் செய்த தப்பு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறையில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன். சிப்பியும் சேறும் ஒட்டின எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். ஆனால் தொழில் புத்தி இன்னொன்றும் செய்தது. எந்தக் கப்பலைச் சுரண்டினாலும் கையகலத்துக்கு ஓர் இடத்தைத் தொடாமல் விடுவோம். மாதிரி விடுவது என்று பேர். கப்பல் இன்ஜினியர் வந்து அதைப் பார்த்த பிறகுதான் சுரண்டுவோம். இல்லாவிட்டால், கப்பல் முன்னாடியே சுத்தமாகத்தான் இருந்தது, நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்பார்கள். குளியலறைக்கு எந்த இன்ஜினியர் வரப்போகிறார்? இருந்தும் அடிப்பக்கத்தில் கையகலம் விட்டிருக்கிறேன். தேய்க்கும்போது அது என் நினைவிலேயே இல்லை.

கழுவின பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பிரஷ் பட்ட இடமெல்லாம் கீறல். ஒரு பக்கமாக மட்டும், நுனியிலிருந்து அடிவரைக்கும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஓடியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. நகத்தால் தடவினால் வழுக்கியது.

ஈரத்துணியில் சுற்றி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கிற அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு நிமிஷம் பார்த்தார். "யானைத் தந்தம்மா. பழைய கப்பல் எதுலேர்ந்தாவது விழுந்திருக்கும். நல்லாக் குளிப்பாட்டி வேற கொண்டு வந்திருக்கீங்க" என்றார். அந்தப் பட்டையைக் காட்டினேன். தேய்மானம் என்றார். தேய்மானம் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? எத்தனை கப்பல் பார்த்திருக்கிறேன். வாக்குவாதம் வேண்டாம் என்று திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. காற்றுக்குழாயின் வாய்ப்பிடியைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. போகும்போது இதையும் தூக்கிக்கொண்டு போனேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். அந்த டாக்டர் நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் கையில் வாங்கினாள். ஊசிமுனைக் கருவியால் அங்கங்கே குத்திப் பார்த்தாள். சாதாரண இடத்தில் முனை பிடித்தது, பட்டையில் சறுக்கிப் போனது. சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இது எனாமல்மா. நம்ம பல்லு மேல இருக்கே, அதே. யானை வளந்தப்புறம் தந்தத்துல இப்படி இருக்காதுன்னு படிச்சிருக்கேன். விடாதீங்க" என்றாள்.

விடுவேனா? அவளிடமே ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றேன். அந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது. சீட்டைப் படித்தார், படம் எடுத்தார், பழங்கால விலங்குகளைப் படிக்கிற பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினார். நான்கே நாளில் பதில் வந்துவிட்டது. இது இப்போதிருக்கிற யானையே இல்லையாம். யானைக்குத் தூரத்துச் சொந்தம், பல லட்சம் வருடத்துக்கு முன்னாடியே அற்றுப்போன இனம். அவற்றில்தான் தந்தத்தோடு எனாமல் பட்டை ஓடுமாம். நம் துறைமுகம் அன்றைக்குத் தரையாக இருந்திருக்கும், மிச்ச உடம்பும் அங்கேயே கிடக்கலாம் என்று எழுதியிருந்தார். படித்ததும் அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் துறைமுக மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கிடைத்த இடம் தெரியாது, கரையில் கொட்டின இடிபாட்டிலிருந்து எடுத்தேன் என்று ஒரு தாளில் தயாராக அடித்து வைத்திருந்தார். இடம் தெரிந்துவிட்டால் மூன்றாம் துறையில் வெட்டுகிற வேலை நிற்கும், அதுதான் விஷயம். நான் மாட்டேன் என்றேன். "எல்லாத்தையும் தேச்சுக் கழுவிட்டீங்க. அங்கதான் எடுத்தீங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி? உங்க வாய்வார்த்தைய எவன் நம்புவான்? நான் ரெண்டு தடவ கூப்பிட்டதே உங்களுக்குக் கேக்கல" என்றார். அருங்காட்சியக அதிகாரியும் பக்கத்தில்தான் இருந்தார். தந்தம் மேசை மேல் இருந்தது.

நான் தந்தத்தைப் புரட்டிப் போட்டேன்.

கையகலச் சேறு அப்படியே இருந்தது. நீலக் களிமண், அதற்குள் அரிசி அளவில் சிப்பிகள். அதிகாரி அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டார். மறுநாள் வெட்டின சுவரிலிருந்தும் மண் எடுக்க வைத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று பேராசிரியரே எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேலி செய்த அதே வாயால் அதிகாரி, "இத மட்டும் எப்படிம்மா விட்டு வச்சீங்க" என்று கேட்டார். தொழில் தெரிந்தவள் விடுவாள் என்றேன்.

மேலாளர் அதற்கப்புறமும் அந்தத் தாளை அனுப்பினார். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பாஸைத் திருப்பிக் கொடுக்கணுமாம். உனக்குச் சித்தப்பா சொன்னது இந்தப் பகுதிதான். தாளின் பின்பக்கத்தில் மூன்றாம் துறை, ஆழம், தேதி, நேரம் எல்லாம் என் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, பாஸையும் அதோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடு என்றாயே, போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் ஆட்களோடு வருகிறார். இடத்தைக் காட்ட நான் இறங்குகிறேன். அதற்கு அருங்காட்சியகமே உத்தரவு வாங்கிவிட்டது. காது டாக்டர் போன மாதம் ஒரு தாளில் என்னவோ எழுதிக் கொடுத்தார். இடது பக்கம் போனது போனதுதான், இனி தண்ணீரில் இறங்காமல் வலது பக்கத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று. அந்தத் தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உனக்குத் தெரியாமல் எதுவும் செய்தேன் என்று இருக்கக்கூடாது, அதனால் எழுதிவிட்டேன். இதுதான் கடைசி. மேலாளர் பாஸைப் பிடுங்கினார் என்பதற்காக நான் கரையேறவில்லை. நானாக இறங்கி, நானாக ஏறுகிறேன். கடிதம் உன் கைக்கு வரும்போது ஏறியிருப்பேன், அதனால் தடுக்கலாம் என்று ஓடி வராதே.

ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற அன்றைக்கு அவசியம் வா. கீழே பலகையில் கிடைத்த இடமும் என் பேரும் போடுவதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதை நீ சத்தமாகப் படிக்க வேண்டும், நான் கேட்க வேண்டும். நீ நல்லபடியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது தாமதம் பண்ணாதே.

என் வலது பக்கம் வந்து நின்று படி.

உன் அம்மா