சூரியகாந்திக் கொல்லை

அக்காவுக்கு,

சூரியகாந்தி பொக்காகப் போகிறது, தேனீ வந்து உட்கார்ந்தால்தான் விதை பிடிக்கும் என்று நீ சொன்னதும், கல்வராயன் மலையிலிருந்து என் தேனீப் பெட்டிகளை இறக்கி வந்து உன் கொல்லையில் வைத்தேன். பூவுக்குப் பூ ஈ மொய்த்ததைப் பார்த்து நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பெட்டிகளுக்கு முன்னால் ஈக்கள் செத்துக் குவிந்தபோது, பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தடித்துவிட்டார் என்றாய். என்னோடு சேர்ந்து அழவும் செய்தாய். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். நீ தடுக்கவில்லை.

நேற்று சங்கராபுரம் பஸ்ஸில், மருந்தடிக்கிற காத்தானைப் பார்த்தேன்.

"சாயங்காலம் அடிக்கலாம், பெட்டிய மூடிவெக்கச் சொல்லுங்கன்னு நான் சொன்னேம்மா. உங்க அக்காதான், வெதை புடிச்சிடுச்சி, இனிமே ஈ இன்னாத்துக்கு, காலையிலயே அடின்னாங்க" என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டிகளை மூடியிருப்பேன். அதற்கு நீ போன்கூடச் செய்ய வேண்டியதில்லை. மருந்தடித்ததற்கு முந்தின ராத்திரி உன் வீட்டில்தான் படுத்திருந்தேன்.

காலிப் பெட்டிகளை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ கொல்லைப் பக்கம் வராதே.

அன்று விடிவதற்குள் என்னை எழுப்பி, காபி கொடுத்து, முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாயே, அதை நான் பாசம் என்று நினைத்தேன்.

உன் தங்கை