அந்த மன்றாட்டை நான் வாசிக்கமாட்டன்

06.10.2024, ஞாயிறு
இன்றும் பூசைக்குப் போகவில்லை. தொடர்ந்து நான்காவது ஞாயிறு. தலையிடி என்று இவரிடம் சொன்னேன். சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு தனியே கோயிலுக்குப் போனார். தலையிடி இல்லை. களைப்பு. முழங்காலில் நின்றால் எழும்புவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

12.10.2024
ஃபாதர் வீட்டுக்கு வந்தார். என் மகன் றெக்ஷனைக் கடல் கொண்டுபோய் வருகிற மாதம் இருபதாம் திகதியோடு ஒரு வருசம். வருசப் பூசையில் மன்றாட்டைத் தாய்தான் வாசிக்க வேணும் என்று ஒரு தாளைத் தந்தார். நல்ல மனுசன், குறை சொல்ல ஏலாது. அவர் போன பிறகு வாசித்தேன். 'உமது சித்தப்படி எங்கள் மகனை உம்மிடம் அழைத்துக்கொண்டீர். அதற்காக நன்றி கூறுகிறோம்.'

நன்றியாம்.

13.10.2024
இருபத்தெட்டு வயதுப் பிள்ளையைக் காத்துக்குள்ள போட்டோட கவிட்டுப்போட்டு, அழைச்சனான் எண்டு சொல்லுற கடவுளை நான் என்னெண்டு நம்புறது? நம்பாமல் இருக்கவும் ஏலாமல் கிடக்கு. விடிய அடுப்பு மூட்டேக்குள்ள வாய் தன்பாட்டில 'ஆண்டவரே' எண்டுது. ஆரைக் கூப்பிடுறன்?

19.10.2024
இவரிடம் சொல்லிவிட்டேன்.

"அந்த மன்றாட்டை நான் வாசிக்கமாட்டன்."

"ஊர் என்ன கதைக்கும் எண்டு தெரியுமோ?"

"ஊரை விடுங்கோ. எனக்கு வாயில வருகுதில்லை."

"அப்ப உமக்குக் கடவுள் இல்லையோ?"

"தெரியாது."

முப்பது வருசக் கலியாணத்தில் இவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

02.11.2024
மரித்த ஆத்துமாக்களின் நாள். சேமக்காலைக்கு மட்டும் போனேன். எல்லாருக்கும் மெழுகுதிரி வைக்க ஒரு கல்லறை இருக்கிறது. என் பிள்ளையின் உடல் கிடைக்கவேயில்லை. கொண்டுபோன திரியை யாரோ ஒருவரின் கல்லறையில் கொளுத்திவிட்டு வந்தேன்.

09.11.2024
பக்கத்து ஊர் சுருவிலுக்குப் போனேன். றொஜன் வீட்டுக்கு. அன்றைக்கு றெக்ஷனோடு போட்டில் போனவன். அவன் மட்டும்தான் திரும்பினவன். அதற்காகவே இவர் ஒரு வருசமாய் அவன் பேரை எடுப்பதில்லை. நானும்தான் போகவில்லை. என்ன கேட்க வேண்டிவருமோ என்ற பயம்.

என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். நல்லாய் மெலிந்துவிட்டான். கடலுக்குப் போவதில்லை. கோயிலுக்கும் இல்லையாம்.

"கடைசியில என்ன நடந்ததெண்டு சொல்லு தம்பி. எல்லாத்தையும் சொல்லு."

விடியப் போட் கவிண்டதாம். ஒரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானை ரெண்டு பேருமாய்ப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை மிதந்தார்களாம்.

"செபம் சொன்னவனோ?"

"இல்லை அன்ரி. நான் கண்ணை மூடினால் கன்னத்தில அடிச்சு எழுப்பினவன். 'விட்டிடாதை, விட்டிடாதை' எண்டு அதைத்தான் சொன்னவன். பிறகு கான் ரெண்டு பேரையும் தாங்கேல்லை... அவன்தான் கையை எடுத்தவன்."

"இதை ஏன்ரா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் நம்புவினம்? நான் தள்ளிவிட்டனான் எண்டுதான் நினைப்பினம்."

10.11.2024
நேற்றிரவு முழுக்க அழுகை. இன்றைக்கு அழவும் தெம்பில்லை. ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அந்தக் காற்றை அனுப்பினது கடவுள் இல்லை. கடவுள் என்று ஒன்று இருந்தால், அது கானிலிருந்து எடுத்த அந்தக் கைக்குள் இருந்தது. இவ்வளவுதான் என் விசுவாசம். இதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

றொஜன் சொன்னதை இவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழும்பிப் போய் வலையைத் திருத்தத் தொடங்கினார்.

14.11.2024
மழை. இவர் திண்ணையில் வலையோடே இருக்கிறார்.

20.11.2024, புதன்
இவர் பூசைக்குப் போனார். மன்றாட்டை யாரோ வாசித்திருப்பார்கள். நான் மீன்குழம்பு வைத்துவிட்டுக் குசினி வாசலில் இருந்தேன். சும்மா இருந்தேன். 

பூசை முடிகிற நேரம் தாண்டிப்போயிற்று. ஆளைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துப் படலை திறந்தது. இவர். பின்னால் தலையைக் குனிந்தபடி றொஜன். கோயிலிலிருந்து நேரே சுருவிலுக்குப் போயிருக்கிறார்.

"சாப்பாட்டைப் போடும்," என்றார், என்னைப் பார்க்காமல். றொஜனுக்குக் கதிரையைத் தானே இழுத்துப் போட்டார்.

இவர் நெற்றியில் சிலுவை போட்டார். றொஜன் என் முகத்தைப் பார்த்தான். நான் சிலுவை போடவில்லை, சோற்றைப் போட்டேன். இரண்டாம் தரம் போடும்போது, "காணும் அன்ரி" என்றான்.

"தின்னடா," என்றார் இவர். "நாளைக்கு வலை திருத்த வரவேணும்."