ஆள் அசையாவிட்டால் அணையும் விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

"இப்ப மாடா உழைச்சா பின்னால நிமிர்ந்துடலாம்" என்ற மேலாளரை நம்பி உழைத்தேன். அடுத்தவர் வேலையும் என் தலையில் விழுந்ததுதான் மிச்சம்.

ஜன்னலில்லாத எங்கள் அலுவலக அறையில் ஆள் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை பார்த்தபோது, அணையும்போதெல்லாம் கையை ஆட்டினேன். கேமராவில் பார்த்த காவலாளி வந்து, "யாருக்கு சார் டாட்டா காட்டுறீங்க?" என்றார். "அம்மாவுக்கு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

காலையில் என்னைத் திட்டிக்கொண்டே எழுப்புவாயே, அதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. அலாரமாக வைத்துக்கொள்கிறேன். திட்டைக் குறைக்காதே.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உன் மகன்

பி.கு.: காவலாளி போனதும் விளக்கு மறுபடி அணைந்தது. அப்புறம் நான் கையை ஆட்டவில்லை, அம்மா.